இறையில்லத்தில் பகலொளி

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோருக்கு வெயிலைப் பற்றிப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. களத்தில் சவ்வரிசியைப் பரப்பி உலர்த்துபவரும், தறியின் முன் அமர்ந்து இழையைக் கண்ணால் அளப்பவரும், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் இரும்பைத் தொட்டுக் கையை இழுத்துக்கொள்பவரும் அதன் நன்மையையும் கொடுமையையும் நாள்தோறும் அறிகின்றனர். நாமக்கல் நகரின் நடுவே ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் ஓங்கி நிற்கும் ஒற்றைப் பாறை சித்திரை மாதத்து நண்பகலில் உமிழும் வெப்பத்தை, அதன் அடிவாரத்தில் கடை வைத்திருப்பவரைக் கேட்டால் சொல்வார். இத்தகைய நிலத்தில் பள்ளிவாசல் எழுப்பிய நம் முன்னோர், வெயிலை வெளியே நிறுத்திவிட்டு ஒளியை மட்டும் உள்ளே அழைக்கும் முறையை அறிந்திருந்தனர். அந்த முறை நம் கண்முன்னே, நம்முடைய கைகளாலேயே மறைந்து வருகிறது. இவ்வாரம் அதைப் பற்றி எழுத முற்பட்டதற்கு அதுவே காரணம்.

சேலத்தில் திருமணிமுத்தாற்றின் கரையில் உள்ள ஜாமிஆ மஸ்ஜித் இந்நகரின் மிகப் பழைய பள்ளி. மைசூர் மன்னர் திப்பு சுல்தான் அங்கே தொழுதார் என்று ஊரார் தலைமுறை தலைமுறையாகக் கூறி வருகின்றனர். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வாயிலாகச் சேலம் பகுதி ஆங்கிலேயர் வசமாயிற்று. மேட்டூர் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1937இல். இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் இவ்வட்டாரத்தில் எத்தனை தலைமுறையினர் தொழுது மறைந்தனர் என்று எண்ணிப் பாருங்கள்! அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பகலில் கதிரவனின் ஒளியிலும் இரவில் எண்ணெய் விளக்கின் ஒளியிலும் மட்டுமே திருக்குர்ஆனை ஓதியவர்கள். ஜன்னலை எங்கே வைப்பது என்பது அவர்களுக்கு அழகு பற்றிய கேள்வியன்று. ஓத முடியுமா முடியாதா என்ற கேள்வி.

நம் பகுதியின் பழைய பள்ளிகள் பலவற்றின் அமைப்பு ஒன்றையொன்று ஒத்திருக்கும். தெருவிலிருந்து வாயில், வாயிலைக் கடந்தால் திறந்த முற்றம், முற்றத்தில் ஒளுச் செய்யும் நீர்த்தொட்டி, அப்பால் தூண்கள் நிறைந்த தாழ்வாரம், அதற்கும் அப்பால் உட்பள்ளி. தெருவின் கண்கூசும் வெளிச்சத்திலிருந்து ஒருவர் நேரே உட்பள்ளிக்குள் நுழைவாராயின் அவருக்குச் சிறிது நேரம் ஒன்றுமே புலப்படாது. கண்மணி சில நொடிகளில் விரிந்துவிடும். ஆனால் விழித்திரை மங்கலான ஒளிக்குப் பழகுவதற்குப் பல நிமிடங்கள் வேண்டும். முற்றத்து மரநிழலில் செருப்பைக் கழற்றி, தொட்டியின் ஓரத்தில் அமர்ந்து ஒளுச் செய்து, தாழ்வாரத்தில் முகம் துடைத்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களில், நாம் அறியாமலே நம் கண்கள் படிப்படியாக நிழலுக்குப் பழகிவிடுகின்றன. உட்பள்ளியின் தரையில் கால் வைக்கும்போது அங்குள்ள மென்மையான ஒளி இருளாகத் தோன்றுவதில்லை, இளைப்பாறுதலாகத் தோன்றுகிறது. கடைத்தெருவின் கணக்குகளைச் சுமந்து வந்த மனமும் கண்ணோடு சேர்ந்து அடங்கத் தொடங்குகிறது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் தாழ்வாரத்துக் கூரையில் அலையலையாக ஆடுவதைச் சிறுவயதில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்று, ஹஜ்ரத்திடம் அதட்டு வாங்கியவர் நம்முள் பலர் உண்டன்றோ!

இனி, கிப்லாச் சுவரை நோக்குவோம். சேலத்திலிருந்து புனித மக்கா ஏறத்தாழ 4,200 கிலோ மீட்டர் தொலைவில் இருக்கிறது. திசையோ நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 20 பாகை சாய்ந்தது. (பழைய பள்ளிகள் சிலவற்றில் சுவர் நேர் மேற்காக நிற்க, ஸஃப் விரிப்பு மட்டும் சற்றுத் திருப்பிப் போடப்பட்டிருப்பதைக் காணலாம்.) இந்த 20 பாகைக்குள் நம் நிலத்தின் வெயிலைப் பற்றிய செய்தியொன்று அடங்கியிருக்கிறது. ஜூன் மாதத்தில் பிற்பகல் இரண்டரை மணிக்குப் பிறகு ஞாயிறு வானில் இறங்குவது ஏறக்குறைய அதே திசையில்தான். அஸர் தொழுகைக்கு நாம் தக்பீர் கட்டி நிற்கும்போது, சுவருக்கு அப்புறம் கதிரவன் நமக்கு நேர் எதிரே நிற்கிறான். மே மாதத்தின் நடுப்பகுதியிலும் ஜூலை இறுதியிலும் அவன் மறைவது கிப்லாவின் நேரிலேயே.

அந்தச் சுவரில் ஓர் அகன்ற ஜன்னல் இருக்குமானால் என்னவாகும்? தொழுபவர் அனைவரின் கண்களிலும் வெயில் பாயும். இமாமின் உருவம் கரிய நிழலாகத் தெரியும். வெப்பம் முதல் ஸஃபை வாட்டும். ஆகவேதான் பழைய கொத்தனார்கள் கிப்லாச் சுவரைத் தடிப்பாகவும் வாயில் இன்றியும் கட்டினர். மிஹ்ராபின் இரு மருங்கிலும் சுவரில் மாடங்களை அமைத்துக் கிதாபுகளை வைத்தனர். மேற்கே மூடு, கிழக்கே திற, வடக்கிலும் தெற்கிலும் அளவாகத் திற என்பது அவர்கள் கொண்டிருந்த விதி. ஒளி எப்போதும் தொழுபவரின் முதுகுப்புறத்திலிருந்தும் பக்கங்களிலிருந்தும் வந்தது. வெள்ளிக்கிழமை குத்பாவின்போது மிம்பரில் நிற்பவரின் முகம் தெளிவாகத் தெரிந்ததும் அதனாலேயே.

இந்த விதியின் பயனை முழுவதும் காண விரும்புவோர் குளிர்காலத்தில் பஜ்ருத் தொழுகைக்குப் பிறகு உடனே எழுந்து போகாமல் சற்று அமர்ந்திருக்க வேண்டும். கிப்லாவுக்கு நேர் எதிர்த்திசையில், அதாவது கிழக்கிலிருந்து தெற்கே 20 பாகையில், கதிரவன் உதிப்பது நவம்பர் 22ஆம் நாளை ஒட்டியும் ஜனவரி 20ஆம் நாளை ஒட்டியும் ஆகும். கிப்லாவுக்குச் சரியாக அமைந்து, எதிரே மாடிக் கட்டடம் எழும்பாத பள்ளியாயின், அந்நாள்களில் காலையின் முதல் வெயில் முற்றத்தைக் கடந்து, தாழ்வாரத் தூண்களின் ஊடே, நடுவாசல் வழியாக மிஹ்ராபின் அடிவரை நீளும். நேர் மேற்கு நோக்கிய பள்ளிகளில் இக்காட்சி மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டி நிகழும். இஷ்ராக் தொழுகைக்காகக் காத்திருக்கும் நான்கைந்து முதியவர்கள் மட்டுமே அதற்குச் சாட்சி. கட்டியவர் எண்ணித்தான் கட்டினாரோ, அல்லது கிழக்கே வாசல் வைத்ததனால் தானே அமைந்ததோ, யாமறியோம், கண்டவர் மறப்பதில்லை.

நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் மாடத்தையும் அதிலுள்ள விளக்கையும் உவமையாகக் காட்டுவதை நாம் அனைவரும் ஓதியிருக்கிறோம். தமிழ் வீட்டுச் சுவரின் விளக்கு மாடத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு அவ்வுவமை உரையின்றியே விளங்கும். எனினும் அவ்வசனத்தைக் கட்டடக் கலைக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. அது பேசும் ஒளி வேறு. ஜன்னல் வழியே வரும் ஒளி வேறு. நாம் இங்கே பேசுவது பின்னதைப் பற்றியே.

ஆயினும் அந்தப் பின்னதற்கும் மார்க்கத்தில் இடம் உண்டு. ஐவேளைத் தொழுகையின் நேரங்கள் கடிகாரத்தைக் கொண்டு விதிக்கப்பட்டவை அல்ல. ஒளியையும் நிழலையும் கொண்டு விதிக்கப்பட்டவை. வைகறையின் வெண்மை, உச்சியிலிருந்து சாயும் ஞாயிறு, நீளும் நிழல், மறையும் வட்டம், மங்கும் செவ்வானம் ஆகிய ஐந்துமே நம்முடைய மெய்யான கடிகாரங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அஸரின் நேரத்தைக் குறிப்பிடும்போது, தம் அறைக்குள் வெயில் இன்னும் இருக்கும் நிலையிலேயே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுததாக அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. ஓர் அறையின் தரையில் கிடந்த வெயில் உம்மத்துக்கே நேரம் காட்டியிருக்கிறது! பிற்காலத்தில் திமிஷ்க் நகரத்து உமையாப் பள்ளியில் நேரம் கணிக்கும் பொறுப்பை ஏற்றிருந்த வானியல் அறிஞர் இப்னு ஷாதிர், 1371இல் அப்பள்ளியின் மினாராவுக்கென நிழற்கடிகாரம் ஒன்றைச் செய்து அளித்தார். பள்ளிவாசலும் பகலொளியும் அத்துணை நெருங்கிய உறவு கொண்டிருந்தன.

நம் கைக்கடிகாரமோ 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுவது. சேலமோ அதற்கு மேற்கே நான்கு பாகைக்கு மேல் தள்ளியிருக்கிறது. எனவே இங்கே ஞாயிறு உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அன்று. நவம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 12-01க்கும், பிப்ரவரி நடுவில் ஏறத்தாழ 12-31க்கும் ஆகும். அரை மணி நேர வேறுபாடு! சுவரில் தொங்கும் நேர அட்டவணையைப் பார்த்துத் தொழும் நமக்கு இது தோன்றுவதில்லை. திறந்த முற்றத்தில் தூணின் நிழலைப் பார்த்துப் பாங்கு சொன்ன பழைய மோதினாருக்கு இது பாடம் படிக்காமலே தெரிந்திருந்தது.

இவ்வளவும் பழம்பெருமை என்று சிலர் கருதலாம். அண்மையில் நேர்ந்த ஒன்றைச் சொல்கிறோம். இராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், பெயர் வேண்டாம், புதிதாக இடித்துக் கட்டப்பட்ட பள்ளியில் ளுஹர் தொழ நேர்ந்தது. முற்றம் இல்லை, அந்த இடமும் கூடமாகிவிட்டது. சுவர்களில் மனித உயரத்துக்குப் பளபளப்பான ஓடு. ஜன்னல்களில் கறுப்புக் கண்ணாடி. அவையும் திறக்க இயலாதபடி பொருத்தப்பட்டவை. நண்பகலில் நாற்பது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இரண்டாம் ரக்அத்தில் மின்சாரம் நின்றது. வெளியே ஊரே பற்றியெரியும் வெயில். உள்ளே சஜ்தா செய்யும் இடம் தெரியாத இருள். காற்றும் இல்லை. தொழுகை முடிந்ததும் முதியவர் ஒருவரை இருவர் கைப்பிடித்து வாசல்வரை அழைத்துச் சென்றனர். வாசலைத் தாண்டியதும் அவர் வெளிச்சம் தாங்காமல் கண்ணைப் பொத்திக்கொண்டு படியிலேயே அமர்ந்துவிட்டார். பள்ளியைக் கட்டிய ஜமாஅத்தார் நல்லெண்ணத்தோடு, வியர்வை சிந்திப் பொருள் திரட்டிக் கட்டியவர்கள். அவர்களைக் குறை கூற நம் நாக்கு எழவில்லை. ஆயினும் பகலில் விளக்கில்லாமல் தொழ முடியாத பள்ளியை நம் பாட்டனார் எவரும் கட்டியதில்லை என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

இன்னொரு பக்கத்தையும் நடுநிலையோடு பார்க்க வேண்டும். பழையன எல்லாம் நல்லன அல்ல. தொழுவோர் பெருகிவிட்டனர், முற்றத்தையும் கூரையிட்டு மூடாமல் ஜும்ஆக் கூட்டத்துக்கு இடம் காண்பது கடினம். நெடுஞ்சாலையோரப் பள்ளிகளில் ஜன்னலைத் திறந்தால் லாரிகளின் இரைச்சலும் புழுதியும் ஓதுவதைக் கெடுக்கின்றன. கோடையில் குளிர்சாதனம் இல்லாமல் தராவீஹ் தொழ முடியாத நோயாளிகளும் உண்டு. அன்றியும், கீழக்கரையில் உள்ளது போன்ற கற்றூண் பள்ளிகளின் உட்புறம் எழிலார்ந்ததாயினும், தாழ்ந்த கற்கூரையின்கீழ் நடுப்பகுதிக்கு ஒளி செல்வது அரிது. கண் மங்கியோர் அங்கே சிரமப்படவே செய்வர். ஆக, நாம் கேட்பது பழமைக்குத் திரும்புவதை அன்று; இடிப்பதற்கு முன் எண்ணிப் பார்ப்பதையே.

வண்ணக் கண்ணாடியைப் பற்றியும் ஒரு சொல். குவிமாடத்தின் கழுத்திலும் ஜன்னல்களிலும் சிவப்பு, பச்சை, மஞ்சள் கண்ணாடிகளைப் பதிப்பது இப்போது நம் ஊர்களில் பெருகியுள்ளது. வெயில் ஏற ஏறத் தரையில் வண்ணத் திட்டுகள் நகர்கின்றன. சிறுவர்கள் மட்டுமன்றிப் பெரியவர்களும் அவற்றைக் கண்ணால் தொடர்கின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேலைப்பாடு அமைந்த ஓர் ஆடையை அணிந்து தொழுது, அது தம் கவனத்தை ஈர்த்ததால் அதனை அபூஜஹ்ம் (ரலி) அவர்களுக்கே திருப்பியனுப்பி, எளிய ஆடையொன்றைப் பெற்றுக்கொண்ட செய்தி நாம் அறிந்ததே. கலீபா உமர் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியைப் புதுப்பித்தபோது, மக்களை மழையிலிருந்து காக்குமாறு கட்டச் சொல்லி, சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்களைக் கவனம் இழக்கச் செய்ய வேண்டாம் என்று எச்சரித்தார்கள். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன், மழையைப் பற்றியும் வண்ணத்தைப் பற்றியும் ஒரே மூச்சில் எண்ணிய அந்தத் தலைவரின் கவனம் வியப்புக்குரியது. அப்பள்ளியோ பேரீச்சை மரத் தூண்களும் ஓலைக் கூரையும் உடையது. மழை பெய்தால் ஒழுகும். நாயகம் (ஸல்) அவர்களின் நெற்றியில் ஈர மண்ணின் அடையாளத்தைத் தோழர்கள் கண்டதும் உண்டு. அங்கே ஒளிக்குக் குறைவிருந்ததாக எந்தச் செய்தியும் இல்லை. பெரும்பகுதி வானத்தையே கூரையாகக் கொண்டிருந்தது.

வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவர், தெளிந்த கண்ணாடி அல்லது மரச்சட்டம் போட்ட ஜன்னல், அதற்கு மேலே வெயிலையும் மழையையும் தடுக்கும் அகன்ற முகப்புத் தகடு ஆகியவை போதும். சேலத்தில் ஏறத்தாழ ஏப்ரல் 20 முதல் ஆகஸ்டு 22 வரை உச்சி ஞாயிறு வடக்கே நிற்கிறது. ஏனைய மாதங்களில் தெற்கே. ஆகவே வடபுற ஜன்னலுக்கு மறைப்பு வேண்டாம் என்று எண்ணுவது நம் ஊருக்குப் பொருந்தாத கணக்கு. இருபுறமும் மறைப்பு வேண்டும். பொறியாளர் வேற்றிடத்துப் புத்தகத்தைப் பார்த்து வரைந்து தந்தால் இதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இவையனைத்திலும் நம் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. பெண்களுக்கென இடம் ஒதுக்கியுள்ள பள்ளிகளில் அவ்விடம் எங்கே இருக்கிறது? படிக்கட்டின் கீழே, அல்லது கிடங்கறைக்குப் பக்கத்தில், அல்லது நாற்புறமும் தடுப்பிட்ட மாடியின் மூலையில். மறைப்பு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மறைப்பு வேறு, இருட்டு வேறு என்பதை நம் கட்டடக் குழுவினர் பிரித்தறியவில்லை. நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் பெண்கள் பஜ்ருத் தொழுதுவிட்டுப் புலரியின் மங்கலில் இல்லம் திரும்பியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். அன்று அவர்களை மறைத்தது வைகறையின் இயற்கையான இருள். கட்டடக் குழுவின் சிக்கனம் அன்று. தலைக்கு மேலே உயரத்தில் வரிசையாகச் சிறு ஜன்னல்களை வைத்தால் ஒளியும் வரும், காற்றும் வரும், வெளியிலிருந்து எவர் பார்வையும் விழாது. துளைகள் இட்டுக் கட்டும் செங்கற் சுவரும் அப்படியே. அதிகச் செலவில்லை. ஏன் செய்வதில்லை என்றால், வரைபடம் மேசைக்கு வரும்போது அவ்விடத்தில் தொழப்போகும் ஒருவரேனும் அந்த அறையில் இருப்பதில்லை. நம் தாய்மார்களிடமும் சகோதரிகளிடமும் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாமே!

குறைந்த பொருளில், நெருக்கமான ஊரில், வெப்ப நாட்டில் இவ்வாறு கட்ட முடியுமா என்று ஐயுறுவோருக்கு வங்காளதேசத்தின் தலைநகர் டாக்காவில் ஒரு விடை இருக்கிறது. 2012இல் கட்டி முடிக்கப்பட்ட பைத்துர் ரஊப் பள்ளிவாசலுக்கு நிலத்தை வழங்கியவர் ஒரு மூதாட்டி. அதை வடிவமைத்தவர் அவருடைய பேத்தியான மரீனா தபஸ்ஸும். முழுவதும் செங்கல். குவிமாடம் இல்லை, மினாரா இல்லை. கூரையில் இட்ட சிறு வட்டத் துளைகள் வழியாகப் பகலொளி புள்ளி புள்ளியாகத் தரையில் இறங்குகிறது. செங்கற் சுவரின் இடைவெளிகளில் காற்று நுழைகிறது. கிப்லாத் திசையைக் காட்ட நெடுக்குவாட்டில் ஒரு மெல்லிய பிளவு மட்டுமே உண்டு. தெருவில் போவோரைத் தொழுபவர் காணாதவாறும் ஒளி மட்டும் உள்ளே படுமாறும் அதைச் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். 2016இல் அக்கட்டடம் ஆகாகான் கட்டடக்கலை விருதைப் பெற்றது. குவிமாடம் இல்லாத பள்ளியை நம் ஊரார் ஏற்பார்களா என்பது வேறு வழக்கு. நமக்குக்கூட ஒரு சிறு குவிமாடமாவது இருந்தால் தேவலை என்றே தோன்றுகிறது. ஆனால் அந்தத் துளைகளுக்கும் பிளவுக்கும் ஆன செலவு, ஒரு சரவிளக்கின் விலையைவிட மிகுதியாக இருந்திருக்காது.

பள்ளியைப் புதுப்பிக்கும் எண்ணத்தில் இருக்கும் முத்தவல்லிகளும் ஜமாஅத் நிர்வாகிகளும் கொத்தனாரை அழைப்பதற்கு முன் ஓராண்டு காலம் பழைய பள்ளியின் ஒளியைக் கவனித்துக் குறித்து வைப்பார்களாக. எந்த மாதத்தில், எந்த வேளைத் தொழுகையில், எந்த ஸஃபில் வெயில் படுகிறது, எங்கே அமர்ந்து முதியவர்கள் ஓதுகிறார்கள் என்பனவற்றை மோதினாரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். அதனோடு இன்னொன்றும் செய்யலாம். ஆண்டுதோறும் மே 28ஆம் நாள் நம் நேரப்படி பிற்பகல் 2-48 மணிக்கும், ஜூலை 16ஆம் நாள் பிற்பகல் 2-57 மணிக்கும் கதிரவன் கஅபாவின் உச்சிக்கு நேர் மேலே நிற்கிறான். லீப் ஆண்டாயின் ஒரு நாள் முன்னதாக. அந்த நிமிடத்தில் முற்றத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, நிழலின் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கினால் அதுவே கிப்லா. திசைகாட்டியும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். மே மாதத்தில் கோடை மழை மேகம் மறைத்துவிட்டால் ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம்; கோலை நட முற்றத்தில் வெயில் படும் ஓர் இடம் மட்டும் மிச்சம் இருக்க வேண்டும்.